மீன்களின் ஆற்றுவழி

சின்னசேலத்திற்கு வடக்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்குகின்றது. பின்னர் மணிமுத்தாற்றின் வழியே வெள்ளாற்றை அடைந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றது. நீருக்கு இது கீழ்நோக்கிய வழி மட்டுமே. வலசைபோகும் மீன்களுக்கோ ஆறு என்பது போக்கும் வரவும் உடைய வழியாகும்.

விலாங்கு ஆழ்கடலில் பிறக்கின்றது. கண்ணாடி போன்ற குஞ்சாகக் கழிமுகத்தினுள் புகுந்து, ஆற்றிலும் குளத்திலும் பல்லாண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே மீள்கின்றது. உல்லம் இதற்கு நேர்மாறானது. கடலில் வளரும் அம்மீன், புதுவெள்ளம் பெருகும்போது ஆற்றில் எதிரேறி நன்னீரில் முட்டையிடும். குறுக்கே ஒரு சுவர் எழுந்தால் இரண்டின் வாழ்க்கைச் சுழற்சியும் அறுபடும்.

இதனைத் தமிழகம் காவிரியில் கண்டது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், உல்லத்தை ஆற்றினுள் அழைக்கும் வெள்ளம் மெலிந்தது. அதனை நம்பியிருந்த மீன்பிடிப்பும் நலிந்தது. மேட்டூர் தரும் படிப்பினைகளைப் பற்றிச் சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த சுந்தரராஜ் 1941-லேயே கட்டுரை எழுதினார். அணையால் வயல் செழித்தது உண்மை. அதற்கான விலையின் ஒரு பகுதியை ஆற்று மீனவர் செலுத்தினர் என்பதும் உண்மை.

அணையை அகற்றினால் மீன்கள் திரும்புமா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணை 1999-இல் உடைக்கப்பட்டது. அதன்பின் உல்லத்திற்கு உறவான மீன்கள் பெருந்திரளாக மேலேறின. எல்வா ஆற்றின் இரு அணைகளும் 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றப்பட்டன. தேங்கியிருந்த வண்டல் முதலில் நீரைக் கலக்கி மீன்களுக்குத் தீங்கு செய்தது. பின்னர் அதுவே கழிமுகத்தில் புதிய கரையாகப் படிந்தது. சால்மன் மீன்களும் மேலாற்றை அடைந்தன.

இவற்றைக் காட்டிக் கோமுகி அணையையும் இடிக்கலாம் என்பது பொருந்தாது. எல்வா அணைகள் மின்னாக்கத்திற்கு எழுந்தவை. கோமுகியோ உழவர்க்குப் பாசனம் தருவது. பயனற்றுத் தூர்ந்துபோன சிறு தடுப்பணைகளின் நிலை வேறு. அவற்றை அகற்றுவதில் இழப்பு சிறிது. நிலைத்திருக்க வேண்டிய அணைகளில் மழைக்காலத்தில் ஓரளவு நீரைத் திறந்துவிடலாம்; மீன் ஏற வழியும் அமைக்கலாம். அவ்வழி மீனுக்கு ஏற்றதாதல் வேண்டும். துள்ளியேறும் சால்மனுக்கென வகுத்த படிகள் உல்லத்திற்கு உதவா. விலாங்குக் குஞ்சுகளுக்கோ, நீர் கசியும் சொரசொரப்பான சரிவு ஒன்றே போதும். அவை அதன்மேல் ஊர்ந்தே ஏறிவிடும்.