கென்யா மலையில் பனி இருக்கிறதா?

கேள்வி: கென்யா மலைக்குப் போகிறேன். பழைய வழிகாட்டி நூலில் உள்ள பனிப் பாதைகள் இன்னும் உண்டா?

பதில்: அந்த நூலை நம்பிக் கிளம்பாதீர்கள். அந்த மலையின் லூயிஸ் பனியாறு 1934க்கும் 2010க்கும் இடையில் தன் கனஅளவில் சுமார் 90 விழுக்காட்டை இழந்தது. பிறகும் தேய்ந்துகொண்டே வருகிறது. வெப்பம் மட்டுமல்ல, காற்றில் ஈரமும் பனிப்பொழிவும் குறைந்ததும் காரணம். அங்குள்ள நெலியன் சிகரத்தின் தென்கிழக்குப் பாறைக்கு முன்பெல்லாம் இந்தப் பனியாற்றைக் கடந்தே போனார்கள். பனி விலகிய இடத்தில் இப்போது நிலையில்லாத கற்சரிவு; ஹெல்மெட் இல்லாமல் காலை வைக்காதீர்கள். 1973இல் முதன்முதலாக ஏறிய டயமண்ட் கூலுவார் (செங்குத்தான மலையிடுக்கு) பாதையில் இறுகிய பனிக்கட்டி அரிதாகிவிட்டது. எத்தனையோ ஏறுநர்களின் கனவுப் பாதை அது, எழுதவே வலிக்கிறது. லெனானா முனைக்கு (4,985 மீட்டர்) நடந்தே போகலாம். நெலியனுக்கு என்றால், நீங்கள் போகும் பருவத்தில் ஏறிவந்த உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.