இரவல் கணக்கும் ஹாஸ்கெல் மொழியும்

கல்லூரியில் கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்னும் முறையைப் பயில்கிறார்கள். புனேக்கு இது புதிதல்ல. புனே பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறையில் 1990களிலேயே கோஃபர் என்ற மொழியைக் கொண்டு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட வடிவத்துக்குப் புகோஃபர் என்று பெயரும் இட்டார்கள். கோஃபருக்கு நெருங்கிய உறவான ஹாஸ்கெல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இம்முறையில் ஒரு மதிப்பை உண்டாக்கிவிட்டால் அதை மாற்றுவதில்லை. அதிலிருந்து புதிய மதிப்பை உண்டாக்குகிறோம். சரி, கணிப்பொறியை நிறுத்திய பிறகும் இருக்க வேண்டிய தகவலை எங்கே வைப்பது? ஒரு சங்க நூலகத்தின் இரவல் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு புத்தகங்கள், ஒரே மேசை. இதற்குப் போய்ப் பெரிய டேட்டாபேஸை நிறுவிப் பழகுவதிலேயே சில மாணவர்கள் விடுமுறையைத் தீர்த்துவிடுகிறார்கள். சாதாரண எழுத்துக் கோப்பே போதும்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம். கடைக் கணக்கில் பழைய வரியை அழிப்பதில்லை, அடுத்த வரி எழுதுவார்கள் அல்லவா? அதேபோல, 'கொடுத்தது, புத்தகம் 112, உறுப்பினர் 37, 4.6.2024' என்று ஒரு வரி. புத்தகம் திரும்பி வந்தால் இன்னொரு வரி. இன்று எந்தப் புத்தகம் யாரிடம் என்பதைத் தனியாக எழுதி வைக்க வேண்டாம். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்தால் அது தானே கிடைக்கும். ஹாஸ்கெலில் 'ஃபோல்ட்' செய்வது இதைத்தான்.

முழுக் கோப்பையும் திருப்பி எழுதும்போது முதலில் பழையது காலியாகிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால் மொத்தக் கணக்கும் போயிற்று. (மழைக்கால மின்தடையைப் பற்றி நமக்குச் சொல்லவும் வேண்டுமா!) வரி சேர்க்கும் முறையிலோ பாதியில் நின்ற கடைசி வரிதான் நஷ்டம். அத்தகைய அரைகுறை வரியை ஒதுக்கிவிடும்படி புரோகிராமை எழுதிவிட வேண்டும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி. கோப்பைப் படி என்றால் முழுவதையும் உடனே படிக்காது. தேவைப்படும்போது தேவையான அளவே படிக்கும். பாதி படித்த கோப்பில் வரி சேர்க்கப் போனால், கோப்பு பூட்டியிருக்கிறது என்று மறுத்துவிடும். 'டெக்ஸ்ட்' தொகுப்பில் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் செயல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்களை எழுதுவதானால் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டே கோப்பைத் திறக்க வேண்டும். இல்லையேல் விண்டோஸில் தகராறுதான்.

மதிப்பை அப்படியே எழுத்தாக்க 'ஷோ', திரும்பப் பெற 'ரீட்' என்ற சுலப வழியும் உண்டு. பயிற்சிக்குச் சரி. பின்னாளில் தொலைபேசி எண்ணுக்கென்று ஓர் இடம் கூட்டினால், பழைய கோப்பை 'ரீட்' ஏற்காது.

நினைவூட்டல் அனுப்ப இன்னொரு புரோகிராம் வந்து, இரண்டும் ஒரே நேரத்தில் எழுத நேர்ந்தால் எழுத்துக் கோப்பு தாங்காது. அப்போது எஸ்க்யூலைட்டுக்கு மாறலாம். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. தனி சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாமல் தடுப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வரியைப் படிப்பதையும் சேர்ப்பதையும் தொடக்கத்திலேயே தனிச் செயல்களாக எழுதியிருந்தால், அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஃபோல்ட் செய்யும் பகுதியைத் தொடவே வேண்டாம்.