ராத்திரி போனை யார் எடுப்பது?

கேள்வி: எங்கள் லாரி ஆபீஸில் இரவு 8 மணிக்குமேல் போன் எடுக்க ஆளில்லை. வாய்ஸ் மெயில் வைப்பது எப்படி?
- வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் ஆபீஸ் போன்களை இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியில் அந்த வசதி இருக்கிறதா என்று மாட்டித் தந்தவரிடம் முதலில் கேளுங்கள். பல பெட்டிகளில் அதற்கான கார்டையோ லைசென்ஸையோ தனியாக வாங்க வேண்டும். பிறகு, பகலில் 20 விநாடி அடித்தும் எடுக்காவிட்டால் அழைப்பு மெயில்பாக்ஸுக்குப் போகும்படியும், இரவில் உடனே போகும்படியும் அமைக்கச் சொல்லுங்கள்.

கூப்பிடுகிறவர் கேட்கும் அறிவிப்பில்தான் விஷயமே இருக்கிறது. நாமக்கல் வண்டி நாக்பூரில் நிற்கும். லோடு விஷயமாகக் கூப்பிடுகிறவர் இந்திக்காரராக இருப்பார். தமிழிலும் இந்தியிலும் உங்கள் ஆபீஸ் ஆளின் குரலிலேயே பதியுங்கள்: "வண்டி நம்பர், நிற்கும் ஊர், உங்கள் செல் நம்பர் சொல்லுங்கள். அவசரமென்றால் 0 அழுத்துங்கள்."

அந்த 0 மேனேஜரின் செல்லுக்குப் போயே ஆகவேண்டும். நடுராத்திரியில் ஆக்ஸில் உடைந்து நிற்கும் டிரைவருக்கு மனிதக் குரல் கிடைத்தாக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

பெட்டியோடு வரும் 0000, 1234 போன்ற ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதை ஊகித்து உள்ளே நுழைந்து, உங்கள் லைனிலேயே வெளிநாட்டுக்குப் பேசும் மோசடி உலகமெங்கும் நடக்கிறது. கேட்ட தகவல்களைக் காலையிலேயே அழித்துவிடுங்கள். மெயில்பாக்ஸ் நிறைந்தால் புதிய தகவல் பதிவாகாது.