சோதனைச் சட்டம்

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் அதனால் மின்சாரம் பிறந்தது. நிலக்கரிப் படுகையின் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்துடன் நிற்பதால், இரவும் பகலும் நீரை இறைத்தாலன்றி அங்கே சுரங்கம் நிலைக்காது. இத்தகைய பெருந்தொழிலில் பொறியை ஆளும் மின்சுற்றுப் பலகை ஒன்று பழுதுபடினும் வேலை தடைப்படும். ஆதலின் பலகையைப் பொருத்துமுன் சோதித்தல் இன்றியமையாதது.

கையளவான பலகையிலும் சோதிக்க வேண்டிய புள்ளிகள் பல உள. ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தால் பொழுது கழியும், பிழையும் நேரும். எனவே சோதனைச் சட்டம் ஒன்றை அமைப்பர். சுருள்வில் பொருத்திய ஊசிகள் அதில் நிமிர்ந்து நிற்கும். பலகையை வைத்து மூடியை அழுத்தினால், எல்லா ஊசிகளும் ஒருங்கே உரிய புள்ளிகளைத் தொடும். மின்னோட்டம் அறுந்த இடம் உடனே புலப்படும்.

இச்சட்டத்தைச் செய்வது எவ்வாறு? பலகையின் வரைபடம் கணிப்பொறியில் உள்ளது. புள்ளிகளின் இடங்களை அதிலிருந்தே எடுத்து, ஊசித் துளைகளையும் தகடுகளை இணைக்கும் பற்களையும் கணிப்பொறி தானே வரைந்து தரும். அதன்படி அக்ரிலிக் தகட்டை லேசர் கதிர் அறுக்கும். அதற்கேற்ற கரியமில வாயு லேசரை 1964-இல் ஆக்கியவர் இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல். கதிர் செல்லும் வழியில் தகடு சிறிது எரிந்துபோகும். அவ்வகலத்தைக் கழித்தே துளையின் அளவைக் குறித்தல் வேண்டும். இன்றேல் ஊசி தளர்ந்து ஆடும்.

பலகையின் அமைப்பு மாறினால் புதிய சட்டத்தையும் விரைவில் அறுத்துக்கொள்ளலாம். ஆயினும் எப்புள்ளியைச் சோதிப்பது என்று தேர்வது மனிதனின் அறிவே. ஊசி தொடாத இடத்தின் குறையைச் சட்டம் ஒருபோதும் உரைக்காது.