ஹூக்ளிக் கரையில் ஒரு தரங்கம்பாடி

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒருநாள் கல்விச் சுற்றுலா சென்றனர். ஹவுராவில் புறநகர்த் தொடர்வண்டி ஏறி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீராம்பூரில் இறங்கினர்.

முதலில் அவர்கள் கண்டது, 1806இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயம். அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. “வங்கத்தில் டென்மார்க் மன்னரின் முத்திரை எவ்வாறு வந்தது?” என ஒரு மாணவி வினவினாள்.

வரலாற்றாசிரியை விளக்கினார்: “டேனியர் 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் தொடங்கினர். 1755இல் இவ்வூரிலும் வணிகத்தலம் அமைத்தனர். 1845இல் இரண்டு ஊர்களையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றனர். அங்கே தமிழ் நூல்கள் அச்சாயின. இங்கே 1800இல் நிறுவப்பட்ட அச்சகத்தில் வங்க நூல்கள் அச்சாயின.”

“எங்கள் பாட்டி ஊருக்கு அருகில்தான் தரங்கம்பாடி!” என்று ஒரு மாணவன் வியந்தான்.

சிதைந்து கிடந்த அத்தேவாலயம் புதுப்பிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொண்டனர்.

பின்னர் மீண்டும் தொடர்வண்டி ஏறிக் கன்யானில் இறங்கினர். அருகிலுள்ள இட்டாசுனா சிற்றூரில், வயல்களுக்கு நடுவே, 1766இல் கட்டப்பட்ட குண்டு குடும்பத்தாரின் மாளிகை உள்ளது. 1741 முதல் 1751 வரை வங்கத்தைச் சூறையாடிய ‘பர்கி’ என்னும் மராட்டியக் குதிரைப் படையினருள் சிலர் இங்கேயே தங்கினர். அவர்தம் வழியினரே இவ்வீட்டார் எனக் கூறப்படுகிறது. ஊரார் இம்மாளிகையை இன்றும் ‘பர்கி டாங்கா’ என்று அழைக்கின்றனர்.

அதைக் கேட்ட மாணவன் ஒருவன் தாழ்ந்த குரலில், “நான் பிறந்ததே கொல்கத்தாவில்தான். ஆயினும் என்னை ‘மதராசி’ என்றுதானே அழைக்கிறார்கள், அம்மா?” என்றான்.

ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வீட்டுக்குப் பழைய பெயர் நீங்கவில்லை. எனினும் இவர்களை வங்கத்தார் அல்லர் என்று யாரும் சொல்வதில்லை. படையெடுத்து வந்தவர்களின் வழியினருக்கே இம்மண் இடம் தந்தது. உழைத்து வாழ வந்தவரின் பிள்ளைக்குத் தராதா? வங்கமொழியை நன்கு கற்றுக்கொள், தமிழையும் விட்டுவிடாதே” என்றார்.

மாலையில் திரும்பும்போது, அவன் ஒவ்வொரு நிலையத்தின் வங்கமொழிப் பெயர்ப் பலகையையும் உரக்கப் படித்து, அப்பெயரைத் தன் ஏட்டில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தான்.

சொற்பொருள்
மரபு – முன்னோர் வழிவந்தது
வழியினர் – மரபில் வந்தவர்

பயிற்சி
1. தரங்கம்பாடிக்கும் ஸ்ரீராம்பூருக்கும் உள்ள தொடர்புகள் யாவை?
2. உம் குடும்பத்தார் கொல்கத்தாவிற்கு வந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.