மட்டம் சொல்லும் நீர்

மழை ஓய்ந்த பின் உங்கள் பள்ளியின் நடைபாதையைக் கவனித்திருக்கிறீர்களா? சில கற்கள் மட்டும் அமிழ்ந்து, அவற்றின்மேல் நீர் தேங்கி நிற்கும். மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுத் தோட்டப் பாதையும் அப்படித்தான் இருந்தது. சென்ற ஐப்பசி மழையில் என் தாயார் அங்கே ஒரு கல்லின் ஓரத்தை மிதித்தார். கல் ஆடியது, அவர் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதன் பிறகே பாதையைச் சீர்செய்ய முனைந்தேன். அந்த வேலையில் எத்தனை இயற்பியல் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

கல் ஏன் அமிழ்கிறது?

எங்கள் பாதையில் இருப்பவை கருங்கற் பலகைகள். ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம், நிறை சுமார் 49 கிலோகிராம். இவ்வளவு கனமான கல் தன் பாரத்தாலேயே புதைந்தது என்று நினைக்கத் தோன்றும். அது சரியன்று. அந்தப் பாரம் 3,600 சதுர செ.மீ. பரப்பில் பரவுகிறது. ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 14 கிராம்தான்! குறை, அடியிலுள்ள மணலில் இருக்கிறது.

ஒரு கண்ணாடித் தம்ளரில் உலர்ந்த மணலை மெதுவாகக் கொட்டி மட்டத்தைக் குறியுங்கள். தம்ளரை முப்பது முறை தட்டுங்கள். மணல் இறங்கியிருக்கும். துகள்கள் நகர்ந்து இடைவெளிகளை நிரப்பியதே காரணம். ஒரே அளவுள்ள கோலிகளை நேருக்கு நேராக அடுக்கினால் இடத்தில் 52 விழுக்காடே நிரம்பும். பள்ளங்களில் பொருந்துமாறு அடுக்கினால் 74 விழுக்காடு நிரம்பும். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-இல் கூறினார். அதன் நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் அறிவித்தார்!

எங்கள் பாதையில் மணலைக் கெட்டிக்காமல் விரித்திருந்தார்கள். நடமாட்டத்தால் அது இறங்கியது. கூரையிலிருந்து விழுந்த நீர் இடுக்குகளில் புகுந்து மீதியையும் அரித்தது.

கல்லைப் பெயர்த்தல்

கல்லின் ஒரு விளிம்பை மட்டும் தூக்க, அதன் எடையில் பாதி விசை வேண்டும். 150 செ.மீ. கடப்பாரையின் நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு சிறு கல்லை அண்டை கொடுத்தோம். நெம்புகோலின் இயந்திர லாபம் 140/10 = 14. ஆகவே இரண்டு கிலோ எடையைத் தூக்கும் விசையே போதுமானதாக இருந்தது.

அடியிலிருந்த மணலைக் கிளறி, குறைந்ததை நிரப்பி, நீர் தெளித்து, சிறு சிறு அடுக்குகளாகத் திமிசுக்கட்டையால் கெட்டித்தோம்.

ஏமாற்றிய குமிழி

நீர் சுவரைவிட்டு விலகி ஓட, 60-க்கு 1 என்ற சரிவு தர எண்ணினோம். பாதையின் அகலம் 120 செ.மீ.; வெளி ஓரம் 2 செ.மீ. தாழ வேண்டும். மேஸ்திரி நீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளையும் இருபுறக் குச்சிகளில் பிடித்து மட்டம் குறித்தார். பின்பு வெளி நூலை 2 செ.மீ. இறக்கிக் கற்களைப் பாவினார். முதல் வரிசை முடிந்ததும் ஒரு சொம்பு நீரை ஊற்றினேன். நீர் ஓடவில்லை, அங்கேயே நின்றது!

டியூபின் இரு முனைகளையும் அருகருகே பிடித்துப் பார்த்தோம். ஒன்றில் நீர் 2 செ.மீ. உயர்ந்திருந்தது. “சார், உள்ளே காத்து அடைச்சிருக்கு” என்றார் மேஸ்திரி. உண்மைதான். டியூபின் அடியில் இருபுற நீர்த்தம்பங்களின் அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும். காற்றின் எடையோ மிகச் சொற்பம். எனவே நிமிர்ந்த பகுதியில் குறுக்களவு முழுவதையும் அடைத்துக்கொண்டு 2 செ.மீ. உயரக் குமிழி இருந்தால், அந்தப் பக்க நீர்மட்டம் 2 செ.மீ. கூடுதலாக நிற்கும். வெளிப்பக்கத்தில் அப்படி நின்ற குமிழி, நாங்கள் கொடுத்த சரிவை அப்படியே விழுங்கிவிட்டது!

டியூபைத் தட்டிக் குமிழியை வெளியேற்றி, முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சரிபார்த்து, மீண்டும் குறித்தோம். இப்போது நீர் தானாகவே வாய்க்காலுக்கு ஓடுகிறது. கட்டு அவிழ்த்த என் தாயாரும் துணையின்றி அந்தப் பாதையில் பூப்பறிக்கச் செல்கிறார். அளப்பதற்கு முன் அளவுகோலைச் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை வகுப்பில் பலமுறை சொன்ன நான், வீட்டில் மறந்துவிட்டேன்.

சிந்தியுங்கள்: டியூபின் ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையை உயர்த்தினால் மட்டம் சரியாகக் காட்டுமா? ஏன்?