“என்ன பண்ணுது?” என்று டாக்டர் கேட்டால்…

இரண்டு மணி நேரம் ஓ.பி. வரிசையில் நின்று உள்ளே போகிறீர்கள். தலையைத் தூக்காமலே “என்ன பண்ணுது?” என்கிறார் டாக்டர். கோபம் வருகிறது அல்லவா?

அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால், எல்லா நேரமும் அது திமிர் அல்ல, பணிச்சோர்வாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோயாக அல்லாமல், தீராத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று விளக்கியது. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் களைத்துப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, வேலைத்திறன் குறைவது. மனம் விலகும்போது பேச்சும் சுருங்கிவிடும்.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? அவர் சுருக்கமாகக் கேட்டால், நாமும் பயந்து பாதியைச் சொல்லாமல் வந்துவிடுவோம். ‘பெனிசிலின் ஊசி எனக்கு ஒத்துக்காது’ என்ற ஒரு வரி விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆள் பற்றாக்குறையையும் பணி நேரத்தையும் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. நம் கையில் இருப்பவை இவை:

1. கிளம்பும் முன் மொபைலில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது. மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. பெரிய பயத்தை முதலில் சொல்லுங்கள். கதவுகிட்ட போய், “டாக்டர், நெஞ்சும் கொஞ்சம் வலிக்குது” என்று சொல்லாதீர்கள்.

3. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். “காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒண்ணு, சரிதானே சிஸ்டர்?” தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

4. கோபம் வந்தால் வீடியோ எடுக்கவோ கத்தவோ வேண்டாம். குறையை மருத்துவமனை கண்காணிப்பாளரிடமோ 104 எண்ணிலோ சொல்லுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது 2008-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி குற்றம்.

நீங்களே மருத்துவப் பணியாளரா? நோயாளியைப் பார்த்து “உட்காருங்கம்மா” என்று தொடங்கினால், பாதி பயம் போய்விடும். விவரம் சீக்கிரம் வரும். அதைச் சொல்லக்கூட தெம்பு இல்லாத நாட்கள் தொடர்ந்தால், 14416-க்கு அழையுங்கள். ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனை இலவசம், 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அந்த நாலு வரி உங்கள் மொபைலில் இருக்கட்டும். இன்றைக்கே எழுதிவிடுங்கள்.